இடுப்பு மட்டும் சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். கீழே வரப்போவது எதுவும் இனிக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நீ அனுப்பிய படிவம் கிடைத்தது. 'பிரசவ அறை கட்டி முடிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே, தலைமை நர்ஸ் என்று என் பதவியையும் டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாய். "ஒரு கையெழுத்துதானே அக்கா, உனக்கென்ன நஷ்டம்" என்று துண்டுச்சீட்டு வேறு. நீ போய்க் குடியேறிய நாட்டின் அரசாங்கம், வருமானத்தில் இத்தனை பங்கை ஏழை நாடுகளுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததா என்று அங்கே ஒரு விசாரணைக் குழு கேட்கிறது. நீ வேலை பார்க்கிற வெளிநாட்டு உதவித் துறையில் எங்கள் ஆஸ்பத்திரியின் கோப்பு உன் மேசையில் இருக்கிறது. எல்லாம் புரிகிறது. அக்காவுக்கு அறிவு மட்டு என்று நினைத்துவிடாதே.

கட்டி முடித்த லட்சணத்தைக் கேள். இருந்த அறையின் தகரக் கூரையைப் பிரித்தார்கள். இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அதோடு சரி. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற துருப்பிடித்த கம்பிகளில் சலவைக்காரம்மா படுக்கை விரிப்புகளைக் காயப்போடுகிறாள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். உங்கள் தெய்வம் பிய்த்ததோடு போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருந்துக் கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒருத்திக்குப் பிரசவம் பார்த்தேன். காவலாளி வெளியே நின்றபடி, "சிஸ்டர், பிள்ளைக்கு மாத்திரைன்னே பேர் வெச்சிடலாம்" என்று கத்தினார். வலியிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். முந்தின மாதம் வந்தவளை, இடமில்லை என்று நகரத்துக்கு அனுப்பினேன். போகிற வழியில், வண்டியிலேயே குழந்தை இறந்துவிட்டது. அனுப்பியவள் நான். அந்தத் தாய் என்னைத் திட்டக்கூட இல்லை.

பணம் எங்கே என்று போனில் கேட்டபோது, "அதெல்லாம் ஒதுக்கியாச்சுக்கா" என்றாய். எங்கே ஒதுக்கினீர்கள்? அங்கிருந்து மூன்று நிபுணர்கள் வந்து ஓட்டலில் தங்கி, நான் திருப்தியாக இருக்கிறேனா என்று நாற்பது கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஓட்டல் வாடகையும் எங்களுக்குச் செய்த உதவியாம். அகதியாக உங்கள் நாட்டுக்கே வந்தவர்களைத் தங்கவைத்த செலவும் வெளிநாட்டு உதவியாம். நீதான் சொன்னாய், ஏதோ கெட்டிக்காரத்தனம் மாதிரி. பந்தியில் தன் இலையில் பரிமாறிக்கொண்டு, விருந்தாளி வயிறாரச் சாப்பிட்டார் என்று ஏப்பம் விடுகிற கூட்டம். நீங்கள் ஒதுக்கியது பணத்தை இல்லையடா, எங்களைத்தான்.

அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து, என் தம்பியும் ஏப்பம் விடுகிறான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இருபத்தாறு வருஷமாகப் பிரசவப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன். பிறக்காததைப் பிறந்ததாக ஒரு நாளும் எழுதியதில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் உன் கோப்பு மூடிவிடும். கோப்பு மூடினால் இந்த ஜென்மத்தில் எங்களுக்கு அறை வராது. போடாவிட்டால் உன் வேலைக்கு ஆபத்து என்கிறாய். நாலு நாள் யோசித்தேன்.

கடைசியில், 'கட்டி முடிக்கப்பட்டது' என்பதை அடித்துவிட்டு, 'இடுப்பு மட்டும் சுவர், கூரை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு அனுப்பவில்லை. விசாரணைக் குழுவின் முகவரி படிவத்தின் அடியிலேயே இருந்தது. நேற்றே சாதாரணத் தபாலில் அங்கே போட்டுவிட்டேன். உன் கூடப்பிறந்தவள் என்று அதில் எழுதவில்லை. நீ சீட்டெழுதிக் கேட்டதையும் எழுதவில்லை.

அது போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்றார் தபால் ஆபீஸ்காரர். இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாலு நாளில் உன் கைக்கு வந்துவிடும். அவர்கள் கூப்பிட்டுக் கேட்கும்வரை உட்கார்ந்திருக்காதே. அதற்கு முன்னால் நீயே போய் உள்ளதைச் சொல்லிவிடு, தம்பி.

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இன்னமும் வேண்டிக்கொள்கிற,
அக்கா