இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன்

போன மாதம் மெக்கானிக் காதர் பாய், மொபெட்டின் ஷாக் அப்சார்பரிலிருந்து கழற்றிய பழைய புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் தேய்ந்து முட்டைபோல் நீண்டிருந்தது. அதன் ஆயில் வாடை என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய்விட்டது. பள்ளம் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, மெதுவாப் போ, என் இடுப்பு என்ன இரும்பா?" என்று கத்துவாயே, அந்தக் குரல் கேட்டது.

ஊர்ப் பெண்கள் எல்லாம் பட்டாசு கம்பெனி வேனில் போக, நாம் இருவர் மட்டும் நம் மொபெட்டில் போனோம். திமிர் பிடிச்சவளுக என்றார்கள். இருக்கட்டும் என்றாய். வேனில் போனால் வேன் கிளம்பும்போதுதான் திரும்ப முடியும். ஒரு சீசனில், நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் போர்மேன் ஏழு பேரை உட்கார வைத்தபோது நீதான் முதலில் எழுந்தாய். "நாங்க வாரோம் அண்ணாச்சி. கூட்டம் கொறைஞ்சா சொல்லி அனுப்புங்க" என்றாய். மற்ற ஐந்து பேரும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேன் சாயங்காலம்தான்.

பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவது எனக்குத் தெரியும். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் காலையில், ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே வலப்பக்க ஷாக் முறிந்து, சக்கரம் மட்கார்டில் உரசி நின்றுவிட்டது. நான் லீவு போட்டுச் சரிபண்ணுகிறேன், நீயும் இருந்துவிடு என்றேன். நீ கேட்டால்தானே!

"ஆர்டர் கெடக்குட்டி. ஒரு நாளுதான, வேன்ல போயிட்டு வாரேன்."

மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டபோது நான் காதர் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று அந்த நாலு பேர் அறையில் எட்டுப் பேர் இருந்திருக்கிறீர்கள். நீ எழுந்துவிட நினைத்திருப்பாய், எனக்குத் தெரியும். எழுந்து எதில் வருவாய்?

அதன்பிறகு சரிபண்ணாமலே இரண்டு வருஷம் வண்டி சாக்குக்கு அடியில் கிடந்தது. ராசியில்லாத வண்டி, பழைய இரும்புக்குப் போடு என்றார் என் அண்ணன். தெருவே அதைத்தான் சொன்னது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாலு பேர் அறையில் எட்டுப் பேரை அடைத்தவனுக்கு யாரும் ராசி பார்க்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். தள்ளிப்போட்டது என் தப்பு. சாகும்வரை அதை ஒத்துக்கொள்வேன். ஆனால் அவன் தப்பையும் சேர்த்து இந்த வண்டியின் தலையில் கட்ட விடமாட்டேன். நானே உருட்டிக்கொண்டு போய்க் காதர் பாய் கடையில் நிறுத்தினேன்.

"வலப்பக்கம் மட்டும் மாத்துனாப் போதும்மா. இனிமே நீங்க ஒரு ஆளுதான போறீக?"

"ரெண்டு பக்கமும் மாத்துங்க பாய். நாலு புஷ்ஷும் புதுசாப் போடுங்க. பின்னால ஆள் ஏறும்."

அவர் ஸ்பேனரை எடுத்தார். அப்போது கழற்றிக் கொடுத்ததுதான் அந்தப் பழைய புஷ்.

இப்போது அச்சங்குளம் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போகிறேன். நேற்று, ஆர்டர் அவசரம் என்று எங்கள் நாலு பேர் அறைக்குப் போர்மேன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். பயமாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? மருந்துத் தட்டைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"அம்புட்டுப் பேரு இங்கன இருக்கக் கூடாது அண்ணாச்சி. நான் வாரேன்."

"போனா நாளைக்கு வராதீக" என்றார்.

"வரல."

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். புதிதாகக் கூட்டிவந்த இருவரில் ஒருத்தி, முத்துமாரி. வேனில் வந்தவள்.

"அக்கா, நானும் வாரட்டா? எனக்கும் பயமாத்தான் இருக்கு."

ஏறு என்றேன். நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள், கோபித்துக்கொள்ளாதே. வழியெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேலை போனது போனதுதான், நாளை இரண்டு பேருமாக வேறு கம்பெனி தேடவேண்டும். ஆனால் அவளை உயிரோடு அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.