காஸ்பாரின் தனி அட்டை

நீஸ், 3 மார்ச் 1956

அன்புள்ள லூசெத்,

நலமா? வீட்டை விட்டு என்னைத் துரத்தி நான்கு மாதம் ஆகிறது. இன்னும் கோபம் தீரவில்லையா?

நல்ல சேதி. பதினொரு வருடமாக வேலைக்காரனாகவும் போலீஸ்காரனாகவும் நடித்தவனுக்கு இங்கே நடிக்கும் இந்தப் படத்தில்தான் டைட்டிலில் தனி அட்டை, திரையில் என் பெயர் மட்டும் தனியாக வரும்! டைட்டில் அட்டைகளைக் கையால் எழுதப்போவது நீதானாமே. என் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதேன். கட்டிய பெண்டாட்டி இதுகூடச் செய்யமாட்டாயா?

உன் காஸ்பார்

பாரிஸ், 7 மார்ச்

அன்புள்ள காஸ்பார்,

நானும் பூனையும் நலம். கதாநாயகன் பெயரில் பாதி உயரம்தான் உன் பெயர் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. போன மாதம் ஒரு நடிகையின் வக்கீல் அளவுகோலோடு வந்து என் எழுத்துகளை அளந்துவிட்டுப் போனார். ஒரு மயிரிழைகூட ஏற்ற முடியாது.

காலைக் காப்பியிலேயே "எம்பேரு எங்க வரும், எம்பேரு எங்க வரும்" என்று நீ ஆரம்பிப்பாய். கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் துரத்தினேன். பன்னிரண்டு வருடமாக ஊரார் பெயரை எழுதுகிறேன். என் பெயர் எங்கே வரும் என்று ஒரு நாளாவது கேட்டாயா?

மழையில் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

லூசெத்

நீஸ், 12 மார்ச்

அன்புள்ள லூசெத்,

முதலில் கோபம்தான் வந்தது. நேற்று நீ டைட்டில் எழுதிய படம் ஒன்றுக்குப் போனேன். முடி அலங்காரம் செய்தவரின் உதவியாளர் பெயர்கூட இருந்தது. உன் பெயர் இல்லை.

"இத்தனையும் எழுதுனது யாருன்னே போடலியே!" என்றேன் சத்தமாக.

"யோவ், படத்தப் பாருய்யா!" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

அவர்மேல் தப்பில்லை. ஒரே வீட்டில் இருந்தவன் நானே கேட்கவில்லையே. வெட்கமாக இருக்கிறது. நாளை எங்கள் படத்தின் தயாரிப்பாளரைப் பார்க்கப் போகிறேன்.

உன் காஸ்பார்

பாரிஸ், 20 மார்ச்

அட மடையா,

உன் படத்துக்கு எழுதவேண்டிய பெயர்ப் பட்டியல் வந்தது. உன் அட்டையில் "டைட்டில் எழுத்து: லூசெத் வெர்னியே" என்று இருந்தது. உன்னைத் தேடினால், துணை நடிகர்கள் பதினான்கு பேருக்குக் கீழே பதினைந்தாவதாக இருக்கிறாய்.

தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இன்னொரு அட்டைக்கு எடமில்லன்னு சொன்னோம்மா. அப்ப என்னோடத அவளுக்குக் குடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாரு" என்றார்கள்.

யார் யார் பெயரையோ கை நடுங்காமல் எழுதியவள், என் பெயரை மூன்று முறை அழித்து அழித்து எழுதினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து சேர். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். படம் வெளியாகும் அன்று முதல் வரிசையில் உட்காருவோம். என் பெயர் வரும்போது நீ கை தட்டு, போதும். அந்தப் பதினைந்தாவது பெயர் வரும்போது நான் எழுந்து நின்று கத்தப்போகிறேன். யார் உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன்.

உன் லூசெத்