ஒட்டகத்து மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா சொல்லி எழுதுறது. இங்க நல்லா இருக்கோம்னு எழுதினா நீ நம்பமாட்டே, அதனால இருக்கோம்னு மட்டும் எழுதச் சொல்றேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். இத போன்லயே சொல்லலாமேன்னு கேப்பே. போன எடுத்தா உங்கப்பா பிடுங்கி எல்லாம் சரியாப் போச்சும்மான்னு சொல்லி வச்சிடறார். அதான் பக்கத்து வீட்டு டெய்லரக்காவ உக்கார வச்சிருக்கேன். நான் ஆரம்பிச்சா லேசுல முடிக்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியும், ஒரு பெருமூச்சு விட்டுட்டுத்தான் பேனாவையே எடுத்தா.

அப்பாவுக்குக் கட்டி வந்த கிட்னிய எடுத்த இடம் ஆறிடுச்சு. புற்று வேற எங்கயும் பரவலையாம், அந்த மட்டும் நிம்மதி. ஆனா எடுத்த கிட்னிய சோதிச்சுப் பாத்த டாக்டரம்மா திரும்ப வரச் சொல்லியிருந்தாங்க. ஆஸ்பத்திரி பெஞ்சுல மலைப்பக்கத்து மரம் அறுக்கிறவர் ஒருத்தர் உக்காந்திருந்தார். அப்பாவ விட மூத்தவர், அவருக்கும் இதே கட்டி, இதே ஆபரேஷன். வாயெல்லாம் பல்லா இருந்தார். எடுத்த கிட்னியில கட்டிய விட்டா மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். உங்கப்பா அவர் கையப் புடிச்சு, அப்ப எனக்கும் அப்படித்தான் சொல்வாங்கன்னு சிரிச்சுட்டு உள்ள போனார். வெளிய வரும்போது அந்தச் சிரிப்பு இல்ல. கட்டி இல்லாத இடத்துலயும் தழும்பு தழும்பா இறுகிக் கிடக்குதாம். அது புற்று பண்ணது இல்லையாம், பல வருஷமா உள்ளயே நடந்த சேதமாம். அந்தப் பெரியவருக்கு மட்டும் எப்படி நல்லா இருக்குன்னு நான் கேட்டேன். அடுத்தவங்களப் பத்திப் பேசமாட்டேன், ஆனா உங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வர்றவங்களுக்கு இது நிறைய இருக்கு, மலைப்பக்கத்துல கம்மின்னாங்க. ஏன்னு அவங்களுக்கே இன்னும் உறுதியாத் தெரியலையாம். வெயிலா, தண்ணியா, வலி மாத்திரையான்னு பாத்துட்டு இருக்காங்களாம்.

எனக்கு நம்ம செங்கல் சூளைதான் ஞாபகம் வந்துச்சு. வரிசையில நின்னு கல்ல கை மாத்தும்போது ஒருத்தர் தண்ணி குடிக்கப் போனா மொத்த வரிசையும் நிக்கும், மேஸ்திரி வாயில விழணும். லாரி நிறையற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்காம நின்னதாலதான உங்கப்பாவுக்கு ஒட்டகம்னே பேர் வந்துச்சு. அவர் பக்கத்துல அதே மாதிரி நின்ன நீ குட்டி ஒட்டகம். நமக்குப் பொம்பளைங்களுக்கு ஒதுங்கவும் இடம் இல்ல, அதுக்குப் பயந்தே குடிக்கமாட்டோம். பொழுது சாஞ்சா டீயோட ஆளுக்கொரு வலி மாத்திரை, அத மிட்டாய் மாதிரி வாங்கிப் போட்டுக்குவோம். நீ போன தடவை அனுப்பின மாத்திரையும் அப்படியே இருக்கு, இனிமே அத அவர் தொடவே கூடாதாம். நீயும் தொடாத.

அப்பாவுக்கு இருக்கிற ஒண்ணும் பழுதானா என்னோடத தர்றேன்னு நீ சொன்னத டாக்டரம்மாகிட்ட சொன்னேன். இப்ப அதுக்கு அவசியம் இல்லன்னுட்டு, உங்க மக எங்க வளந்தா, என்ன வேலை செஞ்சான்னு கேட்டாங்க. சொன்னேன்.  முதல்ல அவளோடது எப்படி இருக்குன்னு பாக்கச் சொல்லுங்கன்னாங்க. அன்னைலேருந்து எனக்குச் சோறு இறங்கல கண்ணு. இப்ப வேலை பாக்கற அந்த ஓட்டல் லாண்டரியில ஆவிக்கு நடுவுல நீ இன்னமும் குடிக்காம நிக்கிறியோன்னு நெனச்சு நெனச்சு ஓஞ்சு போயிட்டேன்.

அப்பா இத உனக்குச் சொல்லக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். நேத்து அவராவே ஒரு செம்புத் தண்ணியக் கொண்டுவந்து என் முன்னாடி உக்காந்து முழுசாக் குடிச்சார். அப்புறம் சொன்னார், "அவளோடத அவளே வச்சிக்கட்டும். ரெண்டும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, அது போதும் எனக்கு."

அதனால ரத்தமும் சிறுநீரும் குடுத்துப் பாத்துடு, லீவு கிடைக்கலன்னு தள்ளிப் போடாத. முடிவு எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காத, உங்கப்பா ஒருத்தர் மறைக்கிறதே போதும். தீர்க்காயுசா இரு. இப்ப எந்திரிச்சு ஒரு டம்ளர் தண்ணி குடி.

உன் அம்மா
(டெய்லரக்காவும் விசாரிச்சா)