புதன்கிழமையே புறப்பட்ட பை

ஜூலை 19, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பம்பாய் முழுக்க மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் என்று இவர் தொப்பலாக நனைந்து வந்து சொன்னார். மீனுவின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினேன். இப்போது வீடும் குழந்தையும் ஒரே புகை வாசனை.

அண்ணா மதராசிலிருந்து இவர் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டானாம். அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை. டாக்டர் இனி தள்ளிப்போட மாட்டார். அப்பாவோ, பேத்தியைப் பார்க்காமல் மேஜையில் ஏறமாட்டேன் என்று பிடிவாதம். "அவர் சம்மதக் காகிதத்துலே கையெழுத்துப் போட மாட்டேங்கிறார், நீ எப்படியாவது வந்துடு" என்றானாம் அண்ணா.

எப்படிப் போவது? வழியில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டது. மெயில் எப்போது கிளம்பும் என்று ஸ்டேஷனில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அண்ணா அதையும் யோசித்துவிட்டான். விமான டிக்கெட். வியாழன் காலை எட்டரை, மூன்று பேருக்கும்.

விமானம்! நான் இதுவரை ஏறின உயரம், மொட்டை மாடியில் வடாம் பிழிந்த உயரம்தான்.

மீனு பிறந்து ஏழு மாதம் ஆகிறது. அப்பா இன்னும் பார்க்கவில்லை. அம்மா இல்லாததால் பிரசவம் இங்கேயே. எதிர்வீட்டுப் பங்கஜம் மாமிதான் எல்லாம் பார்த்தாள். அப்புறம் எனக்கு டைபாய்டு, நாற்பது நாள். பால் நின்று, குழந்தைக்குப் பாட்டில் ஆனது அப்போதுதான். அப்பாவுக்கு எழுதக் கூடாது என்று நானே இவரிடம் சத்தியம் வாங்கினேன். படுத்துக்கொண்டே "சௌக்கியம், சௌக்கியம்" என்று கார்டு எழுதிப் போட்டேன்.

மீனுவைப் பார்த்தால்தான் அப்பா சம்மதிப்பார் என்றால் மீனு போய்த்தான் ஆகவேண்டும். பயம். பயம். வேண்டிக்கொண்டு படுக்கிறேன்.

ஜூலை 20, புதன்

மழை விடவில்லை.

காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை தெற்கே சூலம். அந்தத் திக்கில் அன்று யாராவது கிளம்புவார்களா? அதுவும் ஆபரேஷனுக்கு!

இவர் சிரிக்கிறார். "சூலம் தரையிலே போறவாளுக்குடீ. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே அது எட்டாது."

"உங்களுக்கென்ன. உங்கப்பாவா மேஜைலே படுக்கப் போறார்?" என்றேன். எழுந்து போய்க் குடையை எடுத்துக்கொண்டார்.

பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று மாமி சொன்னாள். நல்ல நாளிலே, நல்ல நேரத்திலே, கொண்டுபோகும் சாமானில் ஒன்றை எடுத்துக்கொண்டு படி தாண்டி, வேறு வீட்டில் வைத்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்டதாக ஆகிவிடும். மறுநாள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

எந்தப் பையை வைப்பது என்று யோசித்தேன். இது மீனுவின் முதல் பிரயாணம். அவள் பையே போகட்டும்.

பையில்:
பால்மாவு டின் (புதுசு)
பாட்டில் 1 (இன்னொன்று கையில்)
துணி 12
ரப்பர் ஷீட்
கிரைப் வாட்டர்
வசம்பு, பவுடர்
கம்பளிக் குல்லாய்

காலை பத்தேகாலுக்கு மீனுவை இடுப்பிலும் பையைக் கையிலும் எடுத்துக்கொண்டு, வலது காலை வைத்து எதிர்வீட்டுக்குப் பிரயாணம் செய்தேன். மொத்தம் ஆறு அடி. மாமி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து, காபி கொடுத்தாள். மீனு மாமியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

மனசு லேசாகிவிட்டது. இவர் ஆபீசிலிருந்து வந்து, "என்ன, மதராஸ் போய்ச் சேர்ந்தாச்சா?" என்றார். சிரித்துவிட்டேன்.

ஜூலை 21, வியாழன் (மதராஸ், அண்ணா வீடு, சாயங்காலம்)

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்கால். வாசலில் டாக்ஸி. பையை எடுக்க மாமி வீட்டுக் கதவைத் தட்டப் போனால் பூட்டு! தொங்குகிற பூட்டு! மேல்மாடி நாராயணன் சொன்னார்: கல்யாணில் இருக்கிற மாமி பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாம். மாமாவும் மாமியும் முதல் லோகலிலேயே ஓடிவிட்டார்கள். அந்தப் பதைப்பில் பையாவது மண்ணாவது.

மாமி மேல் ஒரு சொட்டுக் கோபமில்லை. என் மேல்தான். ஊரில் எத்தனையோ சாமான் இருக்க, குழந்தையின் சாப்பாட்டையா பரஸ்தானம் வைப்பார்கள்?

ஜன்னல் வழியாகப் பை தெரிகிறது, சமர்த்தாக நாற்காலியில். இவர் குடையின் வளைந்த பிடியைக் கம்பிக்குள் விட்டு மாட்டி இழுத்தார். பை வந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் வர மறுத்தது. பக்கிளைக் கழற்றி இரண்டு விரலால் துழாவினார். முதலில் வந்தது கம்பளிக் குல்லாய். அடுத்த இழுப்பில் பை நழுவி நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. குடைக்கு எட்டவில்லை. டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தி, "பாயீ, ஜல்தி கரா!" என்கிறார். மருந்துக் கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும். அப்படியே திறந்தாலும் அந்த மாவு டின் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

ஆக, கையிருப்பு: காய்ச்சின பால் ஒரு பாட்டில், துணி நாலு, குல்லாய் ஒன்று.

"போகாம இருந்துடலாமா?" என்றார் இவர்.

"அப்பா கையெழுத்துப் போட மாட்டார்" என்றேன். டாக்ஸியில் ஏறினோம்.

சாந்தாக்ரூஸ் விமான நிலையம். மழையால் விமானம் தாமதம். ஒன்பதரை என்றார்கள், பதினொன்று என்றார்கள், அப்புறம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒன்பதுக்குப் பால் தீர்ந்தது. டீக்கடைக்குப் பால் வண்டி வரவில்லை. பன்னிரண்டுக்குள் துணி நாலும் தீர்ந்தது. கடைசியில் என் புடவைத் தலைப்பு. ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

படி ஏறும்போதே மீனு ஆரம்பித்துவிட்டாள். பசி. மேலே கிளம்பினதும் காதும் அடைத்தது போலிருக்கிறது, அலறல் வேறு சுருதிக்குப் போய்விட்டது. பெப்பர்மின்டும் பஞ்சும் கொண்டுவந்து நீட்டினார்கள். ஏழு மாசக் குழந்தைக்குப் பெப்பர்மின்டா! இவர் எங்கே என்று பார்த்தால், முகம் பச்சையாக, காகிதப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கோட்டுப் போட்ட ஒருவர், "ரயிலில் வரவேண்டியதுதானே" என்று யாருக்கோ சொன்னார், நல்ல தமிழில், என் காதில் விழும்படி. நானும் அழ ஆரம்பித்தேன். வெட்கமாக இல்லை. அதற்கெல்லாம் தெம்பே இல்லை.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒரு பாய். ஐம்பது வயசிருக்கும். எழுந்து வந்து நின்றார்.

"புள்ளைக்குக் காது வலிக்கில்லா செய்யுது. படுக்கப் போடாதீங்கம்மா, நிமித்திப் புடிக்கணும். எங்கிட்ட குடுங்க. அஞ்சு புள்ளைய தூக்குன தோளுதான் இது."

தாராவியில் தோல் கிடங்கு வைத்திருக்கிறவராம். சட்டையில் அந்த வாசனை. நான் ஒரு நிமிஷம் தயங்கினேன். இது என் நோட்டு, இதில் மறைப்பானேன்? தயங்கினேன். எங்கள் வீட்டில் தோல் செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே விடுகிற வழக்கம். மீனு தயங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி அவரிடம் தாவிவிட்டாள்.

தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே நடையில் அங்கேயும் இங்கேயும் நடந்தார். "ஏளா, யாரு ஒன்ன அடிச்சா? சொல்லு, சட்டையப் புடிச்சிருவோம்." கோட்டுக்காரரைத் தாண்டும்போது இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். கோட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஏர்ஹோஸ்டஸ் பெண்ணைப் பாய் இந்தியில் கேட்டார், காபிக்கு வைத்திருக்கிற பால் இருக்கா என்று. இருந்தது. அந்தப் பெண் பாட்டிலை வெந்நீரில் இரண்டு தரம் கழுவி, பாலில் பாதி வெந்நீர் விட்டு, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு ஊற்றிச் சூடு பார்த்துக் கொடுத்தாள். கல்யாணமாகாத பெண், யார் சொல்லிக்கொடுத்தார்களோ. மீனு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். காது திறந்துவிட்டது போல. அழுகை பட்டென்று நின்றது. விமானத்தில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள்.

குடித்த கையோடு பாய் தோளிலேயே எல்லாம் ஆனது. எனக்குப் பிராணனே போய்விட்டது. மாற்றத் துணி ஒன்றுகூட இல்லை என்று பையையும் பூட்டையும் சொன்னேன், சூலத்தை மட்டும் விட்டுவிட்டு. அவரா விடுவார்?

"அந்தப் பைய எதுக்கும்மா மொத நாளே அங்க கொண்டு வச்சீங்க?"

சொல்லவேண்டியதாயிற்று. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வாப்பாவுக்கு நல்லது நடக்கணும்னுதானே செஞ்சீங்க. அது தப்பில்ல" என்றார்.

மேலே இருந்த தன் பெட்டியைத் திறந்து, கட்டம் போட்ட புதுச் சாரம் ஒன்றை எடுத்தார், நாம் லுங்கி என்போமே, அது. மச்சானுக்கு வாங்கினதாம். பல்லால் ஓரத்தைக் கடித்து, டர்ரென்று கிழித்தார். நான் ஐயோ ஐயோ என்கிறேன். "மச்சானுக்கு வேற வாங்கிக்கலாம். புள்ளைக்கு இப்ப வேணும்லா." ஆறு துண்டு. புதுத் துணியில் கஞ்சி முரமுரக்குமே என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கசக்கி மெத்தென்று ஆக்கிக் கொடுத்தார்.

மீனு அவர் மடியில் தூங்கினாள். இவரும் தூங்கினார். நான் ஜன்னலில் மேகத்தைப் பார்த்தேன். மேலே போனால் மழையே இல்லை, பளீரென்று வெயில்! இத்தனை நாளாக நம் தலைக்கு மேலே இது இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மீனம்பாக்கம் சேரும்போது மணி ஐந்து. பாயை அழைத்துப் போக வந்த காரிலேயே நர்ஸிங் ஹோம் வாசலில் இறக்கிவிட்டார். "துவா செய்வேன்" என்று போய்விட்டார். பேர் கேட்கவில்லை! இவர் கேட்டிருக்கிறார், நல்ல வேளை: காதர் மைதீன். விலாசமும் வாங்கியிருக்கிறார். வாந்திக்கு நடுவிலும் இவருக்கு இது தோன்றியிருக்கிறது பார்.

ஆனால் பார்வை நேரம் ஐந்தரையோடு முடிந்தது. கைக்குழந்தைக்கு எப்போதுமே அனுமதி இல்லையாம். கேட்டில் நின்று கெஞ்சினேன். வாட்ச்மேன் அசையவில்லை. நோயாளிக்குத் துணை என்பதால் அண்ணா மட்டும் உள்ளே போய், வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தான். அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "காட்டு, போடறேன்" என்றாராம்.

மீனு தூங்குகிறாள். கட்டம் போட்ட துணியில் குட்டி மரைக்காயர் மாதிரி இருக்கிறாள். அந்தப் பாய்க்கும், வெந்நீர் விட்ட பெண்ணுக்கும், அண்ணாவுக்கும், பெண்ணுக்காக ஓடின மாமிக்கும், எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும். நாளைக்கு எனக்கும்.

ஜூலை 22, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

ஆறரைக்கே போய் நின்றோம். காலை டியூட்டிக்கு ஒரு மலையாளத்து நர்ஸ். அழவேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. அவள் மீனுவைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள். "அஞ்சு மினிட். பெரிய டாக்டர் வருன்னதுக்கு முன்னே" என்று பின்பக்கப் படி வழியாகக் கூட்டிப்போனாள். வார்டில் யாரும் நிமிரவில்லை. மீனு சத்தமே போடவில்லை, என் தங்கம்.

அப்பா பாதியாகிவிட்டார். பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள்.

மீனுவை அவர் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரு நிமிஷம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். "நன்னா இருக்கா" என்றார். அவ்வளவுதான். எத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தேன்!

அப்புறம், "நீ கிட்ட வா" என்றார்.

போனேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையல் முழங்கை வரை போய் நின்றது.

"மாசி மாசத்துக் கார்டெல்லாம் எழுத்து சரிஞ்சு கிடந்துதே. என்னடி உடம்பு?"

சொன்னேன். டைபாய்டு, நாற்பது நாள், எல்லாம்.

"தெரியும் எனக்கு. உன்னை வான்னு எழுதினா ஆயிரம் சாக்குச் சொல்வே. பேத்தின்னாதானே வருவே?"

நான் அவர் மேல் விழுந்து அழுதேன். நர்ஸ் காலை மாற்றி மாற்றி நின்றாள். அப்பா அண்ணாவிடம் பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார், கோணாமல்.

எட்டுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். இவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எந்தச் சாமிக்கு என்ன வேண்டினேன் என்று ஞாபகமில்லை. எல்லாவற்றுக்கும் செய்துவிடுகிறேன்.

ஜூலை 23, சனி

இவர் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். மாமி பெண்ணுக்குப் பிள்ளைக் குழந்தை.

காதர் மைதீனுக்குக் கடிதம் எழுதவேண்டும். புதுச் சாரம் ஒன்று, நல்லதாக. இவரையே தாராவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லவேண்டும், மீனுவையும் தூக்கிக்கொண்டு.

அப்பாவுக்குக் காலையில் நன்றாக நினைவு வந்துவிட்டதாம். அண்ணா போயிருந்தான். உதட்டைத் துணியால் நனைத்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்து, "சாப்பிட்டாளா?" என்றாராம்.

"குடிச்சாச்சு அப்பா. ஆறு மணிக்கே ஒரு பாட்டில்" என்றானாம் அண்ணா.

"குழந்தையைக் கேக்கலைடா" என்றாராம்.