கொடி போட்டுட்டுப் போன கேள்வி

டுவைட்,

நான் ஸ்கூல் பஸ் ஓட்டக் கிளம்பிட்டேன். ஹாம் சாண்ட்விச் ஃபிரிட்ஜ்ல இருக்கு. வண்டியைக் கிளப்பறதுக்கு முன்னாடி, ராத்திரி இன்ஜின் குளிர்ல உறையாம இருக்க மாட்டி வெச்ச ஹீட்டர் வயரை சுவத்துல இருந்து பிடுங்கு. போன வாட்டி பிளக்கை சுவரோட பேத்துட்டுப் போன.

வீட்டுக்கடன் அதிகாரி லைசென்ஸ் பரீட்சையை இன்னிக்காவது நேரத்துக்குள்ள முடி. கேள்வியில வர்ற புருஷன் பொண்டாட்டி நிஜ மனுஷங்க இல்ல. போன தடவை, "பாவம், கைக்குழந்தைக்காரங்க, எப்படிக் கடன் இல்லேன்னு சொல்றது?"ன்னு ஒரே கேள்வியில உருகி உட்கார்ந்துட்ட, பாதிப் பரீட்சை அப்படியே கெடந்துச்சு. இந்த வாட்டி தெரியாத கேள்விக்குத் திரையில 'அப்புறம் பாக்கறேன்'னு கொடி போட்டுட்டு அடுத்ததுக்குப் போ. கடைசியில மறக்காம திரும்பி வா.

மார்லிஸ்

பி.கு.: போன ஞாயித்துக்கிழமை, எங்கம்மா நம்மகூட வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன். "இதுக்கு ஒரு கொடி போட்டுக்கறேன்"னு சொல்லிட்டு, உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போயிட்ட. அந்தக் கேள்விக்கு இன்னிவரைக்கும் திரும்பி வரல.

இன்னொண்ணு: பதில் சொல்லாத கேள்வியெல்லாம் தப்புக் கணக்குலதான் போகுமாம், நீதான் சொன்ன. நேரம் முடிஞ்சுபோச்சு. அம்மா சாயங்காலம் பெட்டி படுக்கையோட வர்றாங்க.

அவங்க நிஜ மனுஷி.