நெடுந்தீவுத் தலைச்சுற்று

சேசு மரி சூசை துணை

நெடுந்தீவு,
1937 யூலை 9

அன்புள்ள மகன் மரியதாசனுக்கு,

தலை சுற்றுவது நின்றால் அல்ல, படுத்தால்தான். அதுவும் வலப்பக்கம் சரிந்தால் மட்டும். இடப்பக்கம் ஒன்றுமில்லை, நான் உன் பழைய அம்மாதான். காலையில் கட்டிலில் வலப்பக்கம் திரும்புவேன். ஒரு கணம் சும்மா இருக்கும். பிறகு கூரை வளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிடும். எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தாய், படுக்கையிலிருந்து மணிக்கூடு தெரியாது, செபத்தால்தான் அளந்தேன். காது கேட்கிறது. இரைச்சல் இல்லை. நினைவு தப்பவில்லை. உன் கேள்விகள் முடிந்தன, இனி என்னுடையவை. கொழும்பில் டாக்குத்தர் படிப்புக்கு நடுவே உடம்பு எப்படி, இருமல் விட்டதா, விடுதிச் சோறு இப்போதாவது வேகிறதா? இங்கே மாடு, கோழி, உன் பெரியம்மா கிறேசம்மா எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் சுகத்தைத்தான் ஊர் இன்னும் தீர்மானிக்கவில்லை.

பாடசாலையில் விழுந்தேன் என்று எழுதியிருந்தேன், எப்படி என்று எழுதவில்லை. கரும்பலகையின் மேல் விளிம்பில் திகதி எழுத அண்ணாந்தேன், அதுவும் தலைக்குப் படுத்த மாதிரித்தான். அவ்வளவுதான். பலகையைப் பிடித்தேன், அதுவும் என்னோடு வந்தது. இரண்டாம் வகுப்பு முதலில் சிரித்தது, பிறகு அழுதது. பாடசாலை மனேச்சரான பங்குச் சுவாமியார் வந்து மிக அன்பாகப் பேசி, வகுப்பில் நிற்கலாம் என்று டாக்குத்தர் எழுதிய துண்டு கொண்டுவரும் வரை வீட்டில் இளைப்பாறும் என்றார். மறுநாளே உபதேசியாரின் மகள் என் வகுப்பில். என் இளைப்பாறலுக்கு எவ்வளவு ஆயத்தம் நடந்திருக்கிறது பார். இம்மாதம் பதினைந்தாம் திகதிக்குள் நல்ல துண்டு போகாவிட்டால் வகுப்பு அவளுக்கே. இருபத்திரண்டு வருடம், மகன். உன் அப்பா கடலோடு போன பிறகு என்னை எழுப்பி வெளியே கொண்டுவந்தது அந்த வகுப்புத்தான்.

அதற்குள் ஊர் வைத்தியம் தொடங்கிவிட்டது. சிவகுருப் பரியாரியார் நாடி பிடித்துப் பித்தம் என்று சொல்லிக் கோப்பியை நிறுத்தச் சொன்னார். அவர் வீட்டில் கோப்பி குடிப்பதில்லை. உன் பெரியம்மா, நீ உந்தப் புத்தகங்களை வாசிக்கிறதாலைதான் சுத்துது, எனக்கு எப்பவாவது சுத்தினதே என்று கேட்டாள். அவள் வாசிப்பதில்லை. சுவாமியாருக்குப் பாடசாலைதான் காரணம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டாத ஒன்றை நான் விடவேண்டும் என்று கண்டுபிடித்தார்கள்.

டாக்குத்தரிடம் போனதை உனக்கு எழுதவில்லை, வெட்கத்தால்தான். மூன்று கிழமைக்கு முன் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் வள்ளத்தில் அக்கரை ஆசுப்பத்திரிக்குப் போனேன். சோளகக் காற்று, பெரிய அலை, நாலு மணித்தியாலம். கரையில் இறங்கி நேரே டாக்குத்தர் முன்னால். புதியவர், இளையவர், பட்டணத்திலிருந்து காரில் வருகிறவர். என்ன வருத்தம் என்றார். தலைச்சுற்று என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை, காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடும் என்றார். மூடினேன். ஆடினேன். வள்ளத்தால் இறங்கி அரை நாள் வரை எங்கள் எல்லோருக்கும் நிலம் ஆடும் என்று உனக்குத் தெரியும். அது எங்களுக்கு வருத்தமல்ல, ஆகவே அதை எந்த டாக்குத்தருக்கும் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்குள் மூளை நரம்பில் தளர்ச்சி, வகுப்பில் நிற்கத் தகுதியில்லை என்று துண்டு எழுதியாகிவிட்டது. எனக்குப் பின்னால் அதே வள்ளத்து ஆட்கள் நாலு பேர். என்னைக் கண்ட ஆர்வத்தில் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். எல்லோரும் ஆடினார்கள். காலில் முள் ஏறியதென்று வந்த இலட்சுமணனும் ஆடினான். நெடுந்தீவுத் தண்ணியிலை என்னவோ இருக்குது, மேலிடத்துக்கு எழுதப்போறன் என்று அவர் மருந்து கலப்பவரிடம் சொன்னது வெளியே கேட்டது. எங்கள் பெயரிலேயே ஒரு வருத்தம். வேறெதையும் மேலிடம் எங்கள் பெயரில் தந்ததில்லை.

அந்தத் துண்டு என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. சுவாமியாரிடம் கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை சிரித்துச் சிரித்துச் சுக்கானை விட்டுவிடப் பார்த்தார். அடுத்த முறை முந்தின நாளே அக்கரை வந்து படு பிள்ளை, நிலம் நிண்ட பிறகு போய் நில்லு, பாய்மரம் மாதிரி நிப்பாய், துண்டு தன்ரை பாட்டிலை வரும் என்றார்.

உன் கடிதம் கண்டதும், நீ எழுதியபடி, சட்டென்று வலப்பக்கம் படுத்து உன் பெரியம்மாவைக் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஐயோ, கண்மணி ரெண்டும் துள்ளுதடி, இது பேயடி என்று தீர்த்தம் எடுக்க ஓடினாள். அவள் திரும்பி வரமுன் நின்றுவிட்டது. புகழ் தீர்த்தத்துக்கு. இரண்டாம் தரம் படுத்தபோது துள்ளல் குறைவாம். அதுவும் தீர்த்தமே. இது மூளையல்ல, காதுக்குள் உள்ள கோளாறு, தானாகப் போகக்கூடியது என்று உங்கள் பேராசிரியர் சொன்னதாக எழுதியிருந்தாய். சந்தோசம். ஆனால் காணாத பெண்ணுக்கு அவர் துண்டு தரமாட்டார், உன் கையெழுத்துக்கு இன்னும் மதிப்பில்லை. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் வள்ளம் ஏறி, ஆசுப்பத்திரிக்கு அடுத்த ஒழுங்கையில் மாக்கிறேற் மச்சாள் வீட்டில் தங்கி, திங்கள் காலை அந்த இளைய டாக்குத்தர் முன்னால் ஆடாமல் நிற்கப் போகிறேன். இல்லாத வருத்தத்தைக் கண்டவர் இருக்கும் வருத்தத்தைக் காணாமல் நல்ல துண்டு தருவார். இது பொய்யல்ல, கேட்காததைச் சொல்லாமல் விடுவது. பாவமோ என்று யோசித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் ஏலாது, மன்னிப்புத் தருகிறவரும் துண்டு கேட்கிறவரும் ஒருவரே.

நீ டாக்குத்தர் ஆனபிறகு யார் வந்தாலும், எப்படி வந்தனீர் என்று ஒரு வார்த்தை கேள். மழையில் நனையாதே. பரீட்சை முடியுமுன் என்னைப் பார்க்கவென்று புறப்படாதே. ஆவணி மாதா திருநாளன்று பூசை காண மறக்காதே. தேவமாதா உன்னை விட்டு விலகாதிருக்க வேண்டி, தூரத்திலிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன்.

உன் அம்மா
சூ. அருளம்மா

பி.கு. திங்கள் மத்தியானம், மாக்கிறேற் வீடு. கடிதத்தை ஒட்டாமல் கையோடு கொண்டுவந்தேன். டாக்குத்தரிடம் எனக்கு முன்னால் நின்றவள் இன்றைய வள்ளத்தில் வந்த சின்னாச்சி, எங்கள் ஊர்க் கிழவி. படுத்தா வீடு சுத்துது ஐயா, நிண்டா ஒண்டுமில்லை என்று தானாகவே சொன்னாள். நீ என்னைக் கேட்டதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. அவர் நிமிராமல், காலைச் சேர்த்துக் கண்ணை மூடணை ஆச்சி என்றார். ஆடினாள். அதே மூளை நரம்பு, ஒரு போத்தல் மருந்து. பிறகு நான். ஆடவில்லை. அட, சுகம் வந்திட்டுதே ரீச்சர் என்று மகிழ்ந்து துண்டு எழுதத் தொடங்கினார். வகுப்பில் நிற்க, என்பது வரை எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுங்கோ ஐயா, ஆச்சிக்கும் எனக்கும் ஒரே வருத்தம், நான் படுக்கிறன், என்ரை கண்ணைப் பாருங்கோ என்றேன். அவர் பேனையை வைத்தார். வாசல் வரை போய்ச் சின்னாச்சியைத் திரும்பக் கூப்பிட்டேன். பிறகு அவருடைய மேசையில் ஏறி வலப்பக்கம் சரிந்து படுத்தேன்.