வாத்துக்குட்டிக்குக் குரல் கொடுத்தவள்

ஜனவரி 9

வெள்ளம் வந்து பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷம். நகரப் பேருந்துகளுக்குச் சிவப்பை மாற்றிப் பச்சை அடித்ததும் அப்போதுதான். என் மகன் பிறந்து நாற்பது நாள். அந்த வருஷம்தான் நான் கழுதையானேன்.

எனக்கு எழுத்து தெரியாது. சொல்வது நான், எழுதுவது மருமகள். வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். “நீங்க பேசுற மாதிரியே எழுதினா எனக்கே புரியாது மாமா” என்று திருத்தித்தான் எழுதுகிறாள்.

இன்று குழந்தைகள் நலத்துறை அதிகாரியம்மா போன் செய்தார். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்காக அப்போது எடுத்த பதின்மூன்று கார்ட்டூன் படங்களையும் சுத்தம் செய்து பள்ளிகளில் மறுபடி காட்டப் போகிறார்களாம். அதில் நான் குரல் கொடுத்த தொப்பிக் கழுதைக்குப் புதிதாகச் சில வரிகள் பேச வேண்டுமாம். “அதே குரல் இன்னும் இருக்கா தாத்தா?” கத்திக் காட்டினேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாப்பிடாமல் அவளை நோட்டை எடுக்கச் சொன்னேன்.

ஜனவரி 12

ஸ்டூடியோவில் நான் பெட்டி தூக்குகிறவன். ஒரு நாள் நான் விட்ட கொட்டாவியைக் கேட்டுவிட்டு டைரக்டர், “இவன்தான்யா கழுதை” என்றார். வரிகளைக் காகிதத்தில் கொடுப்பார்கள். யாராவது ஒரு தடவை வாசித்தால் போதும், மண்டையில் ஒட்டிக்கொள்ளும். மைக்கின் முன்னால் வெறுங்கையோடு நிற்பேன். காகிதச் சரசரப்பு இல்லை என்று சவுண்டுக்காரருக்கு என்மேல் தனிப் பிரியம். மனப்பாடம் செய்துவிட்டு வருகிறேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது வாத்துக்கு மட்டும்தான் தெரியும். வாசித்துக் காட்டியவள் அவள்தானே. வாத்துக்குட்டிக்குக் குரல் கொடுத்த பெண், ஒன்பது வயசு, தையல்காரியின் மகள், அப்பா கிடையாது. மூன்றாம் வகுப்பில் பாதியில் நிறுத்திக் கூட்டி வந்திருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஜன்னலில்லாத அறை. கழுதையும் வாத்தும் பள்ளிக்கூடம் போகலாம் வா என்று பாடுகிற படத்துக்கு!

ஜனவரி 13

இரண்டு தடவை நோட்டை எடுக்கச் சொல்லி, இரண்டு தடவையும் மூடச் சொன்னேன்.

ஜனவரி 15

சொல்லிவிடுகிறேன்.

முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம். வாத்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “டைரக்டர் சார்கிட்ட நீங்க சொல்லுங்க மாமா, பரீட்சைக்கு மட்டும் போயிட்டு ஓடி வந்துடறேன்” என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. அவள் போய்விட்டால் எனக்கு யார் வாசிப்பது?

அந்த வாரமே தொழிலாளர் இன்ஸ்பெக்டர் திடீரென்று வந்து நின்றார். “யார் இந்தப் பொண்ணு?” டைரக்டர் விழித்தார். நான் முந்திக்கொண்டேன். “எம் பொண்ணு சார். வேடிக்கை பாக்க வந்தா.”

வாத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பதின்மூன்று படமும் முடிந்ததும் அவள் அம்மா அவளைப் பொத்தான் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள்.

ஏன்டா கழுதை சொன்னே? உன்னை யாராச்சும் கேட்டாங்களா? கேக்கவே இல்லையேடா —

ஜனவரி 19

நாலு நாளாக மருமகள் நோட்டைத் தொடவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். இன்று தானாக வந்து உட்கார்ந்தாள்.

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

தெரியாது என்றேன்.

“தேடினீங்களா?”

“தேடலைன்னு எழுதிக்கம்மா.”

ஜனவரி 30

மருமகள் கண்டுபிடித்துவிட்டாள், தொழிற்சாலையின் பழைய ஆட்களிடம் விசாரித்து. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை. பொத்தான், நூல், ஜிப். இன்று போனோம். வாத்துக்குத் தலை முழுக்க நரை. நான் வாயைத் திறந்ததும், “ஐயோ, கழுதை மாமா!” என்று எழுந்துவிட்டாள்.

என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஐம்பது வருஷத்தில் ஒரு வரி மறந்ததில்லை எனக்கு. அங்கே எல்லாம் மறந்துபோயிற்று. அவள்தான் பேசினாள்.

“அன்னிக்கு நான் ஏன் வாயத் திறக்கல தெரியுமா மாமா? எம் பொண்ணுன்னு சொன்னீங்கல்ல. அதுவரைக்கும் என்னை எந்த ஆம்பளையும் அப்படிச் சொன்னதில்ல. இனிமே நம்மள இவரு பாத்துப்பாருன்னு நெனச்சுட்டேன். அப்புறம் ஃபாக்டரி வாசல்ல எத்தனை நாள் திரும்பித் திரும்பிப் பாத்திருப்பேன்!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மருமகள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

பிப்ரவரி 6

ரெக்கார்டிங்குக்குப் போனேன். பேசுவதற்கு முன்னால் அதிகாரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்துக்குப் பேசியது ஒன்பது வயசுப் பிள்ளை, படிப்பை நிறுத்திக் கூட்டி வந்தோம், அதைப் படத்தின் முடிவில் போடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இந்தப் படத்துக்கே ஒரு குழந்தைத் தொழிலாளியா? பேப்பர்காரங்க கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க தாத்தா. அப்ப இருந்தவங்கள்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப யாருக்கு என்ன ஆகப்போகுது? நாலு பிள்ளைங்க இதைப் பாத்துட்டுப் பள்ளிக்கூடம் வந்தா நல்லதுதானே?”

நல்லதுதான். ஆனாலும் வரியைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

யாரோ மிமிக்ரிக்காரர் என் குரலில் பேசிக் கொடுத்துவிட்டாராம். அசல் கழுதையாம்.

மார்ச் 11

பக்கத்துத் தெருப் பள்ளியில் படம். தலைமையாசிரியைக்கு என்னைத் தெரியும், கூப்பிட்டிருந்தார். அதிகாரியம்மா முன்வரிசையில் இருந்தார். படம் முடிந்ததும், “நிஜக் கழுதை இவர்தான்” என்று தலைமையாசிரியை மைக்கைக் கொடுத்தார். கத்தினேன். கூரை அதிர்ந்தது. மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து இரட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அப்போ வாத்து எங்க?”

அதிகாரியம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“அவ உன்னை மாதிரி மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தாம்மா. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாம வச்சுக்கிட்டுத்தான் இந்தப் படத்தை எடுத்தோம். கேக்க வந்த அதிகாரிகிட்ட நான் பொய் சொன்னேன்.”

“அவங்கள்லாம் செத்துட்டாங்களா?” என்றாள் அதே பெண்.

டைரக்டர் செத்துட்டார் என்றேன். சவுண்டுக்காரர், கழுதையை வரைஞ்சவர், அந்த இன்ஸ்பெக்டர், தையல்காரி — எல்லாரும். பொய் சொன்னவன் இதோ நிற்கிறேன், என்னைக் கணக்கில் சேர்க்காதே என்றேன்.

“வாத்து இருக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பொத்தான் கடையில.”